கோடை விடுமுறையில் கணக்கோடு கும்பகோணம்

வெள்ளி, சோழன் எக்ஸ்பிரஸில்

அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கும்பகோணத்துப் பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பியாகிவிட்டது. பெரியவள் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள், சின்னவன் ஆறாம் வகுப்புக்கு. நான் பள்ளியில் கணக்கு எடுப்பவள். "ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்பினால்" என்று ஆரம்பித்ததும் வகுப்பில் பாதி முகங்கள் வாடிவிடும். அதே பிள்ளைகள் கடையில் மீதிச் சில்லறையை ஒரு ரூபாய் பிசகாமல் எண்ணி வாங்குவார்கள். அதனால் இந்தப் பயணத்துக்கு ஓர் ஏற்பாடு. வழியில் எது கண்ணில் படுகிறதோ அதிலிருந்துதான் கணக்கு. முடிந்தவரை மனக்கணக்காகவே போடவேண்டும். அன்றன்று நடந்ததை ராத்திரி இங்கே எழுதுகிறேன்.

செங்கல்பட்டு தாண்டியதும் இலைப் பொட்டலத்தைப் பிரித்தோம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. எதிர் சீட்டில் ஒரு பெரியவர், மகளைப் பார்க்கச் சிதம்பரம் போகிறவர். வற்புறுத்திக் கொடுத்தபிறகு ஓர் இட்லி எடுத்துக்கொண்டார். அதை வைத்தே முதல் கணக்கைப் போட்டேன்.

அக்காவிடம் 5 இட்லி, தம்பியிடம் 3. தாத்தாவிடம் ஒன்றும் இல்லை. மூன்று பேரும் எட்டு இட்லியையும் சமமாகப் பங்கிட்டுச் சாப்பிடுகிறார்கள். இறங்கும்போது தாத்தா 80 ரூபாய் கொடுக்கிறார். அக்காவுக்கு எவ்வளவு, தம்பிக்கு எவ்வளவு?

"இதுல என்ன அத்தை இருக்கு? அவளுக்கு அம்பது, எனக்கு முப்பது" என்றான் சின்னவன். பெரியவளும் தலையாட்டினாள். பெரியவர்களிடம் கேட்டாலும் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்வார்கள்.

ஓர் இட்லியை மூன்றாக வெட்டச் சொன்னேன். எட்டு இட்லிக்கு 24 துண்டு, ஆளுக்கு 8 துண்டு. அக்காவிடம் இருந்தது 15 துண்டு. அதில் அவளே 8 தின்றுவிட்டாள், தாத்தாவுக்குப் போனது 7. தம்பியிடம் 9 துண்டு, அவன் தின்றது 8. தாத்தாவுக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்று. தாத்தா தின்ற எட்டுத் துண்டுக்கு 80 ரூபாய் என்றால் அக்காவுக்கு 70, தம்பிக்கு 10.

சின்னவனுக்கு முகம் சுண்டிவிட்டது. "மூணு இட்லி போட்டிருக்கேன், பத்து ரூபாதானா?"

"நீ போட்டதுல நீயே சாப்பிட்டது போக என்ன மிச்சம்னு பாருடா" என்றாள் பெரியவள். அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. எதிர் சீட்டுப் பெரியவர், "ஆளுக்கு நாப்பது கொடுத்துட்டா சண்டையே இல்லையேம்மா" என்றார். அதுவும் நியாயம்தான். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதோடு கணக்கின் வேலை முடிந்துவிடுகிறது. அக்கா தம்பிக்குள் அப்படியே பிரித்துக்கொள்ள வேண்டுமா என்பது வேறு பேச்சு.

பண்ருட்டியில் பலாப்பழ வாசனை பெட்டிக்குள் ஏறியது. சீசன். ஸ்டேஷனில் வாங்கவில்லை, கும்பகோணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ரயிலின் வேகம். பாதையோர மின்கம்பங்களில் ஓர் எண்ணும், ஒரு சாய்கோடும், பிறகு இன்னோர் எண்ணும் எழுதியிருக்கும். முன்னால் இருப்பது கிலோமீட்டர். அந்த எண் மாறும் கம்பத்திலிருந்து அது மறுபடி மாறும் கம்பம் வரைக்கும் ஒரு கிலோமீட்டர். அதற்கு எத்தனை வினாடி ஆகிறதோ அதனால் 3600-ஐ வகுத்தால் வேகம் வந்துவிடும். 60 வினாடி ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர், 45 என்றால் 80, 40 என்றால் 90, 36 என்றால் 100. ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு சின்னவன் கம்பத்தைப் பார்க்க, பெரியவள் என் கைக்கடிகாரத்தைப் பார்க்க, சிதம்பரம் வரை பெட்டியே இந்த வேகச் செய்தியைக் கேட்டுக்கொண்டு வந்தது.

சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் நடுவே கொள்ளிடம் பாலம். பாடப்புத்தகக் கணக்கு ஒன்று ஞாபகம் வந்தது. 500 மீட்டர் நீள ரயில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 500 மீட்டர் பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம்? ரயில் முழுவதும் பாலத்தை விட்டு வெளியே வரவேண்டும், ஆகவே ஒரு கிலோமீட்டர் ஓடவேண்டும், ஒரு நிமிடம். பெரியவள் சரியாகச் சொன்னாள். சின்னவன் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் ஒரே ஜன்னல்லதானே உக்காந்திருக்கேன். என் ஜன்னல் பாலத்துல ஏறி இறங்க அரை நிமிஷம்தானே ஆகும்?"

சரிதான். ஜன்னலோரத்தில் இருப்பவருக்கு ரயிலின் நீளம் கணக்கிலேயே வராது. எத்தனையோ வருஷமாக இந்தக் கணக்கை நடத்துகிறேன், யாருடைய நேரம் என்று ஒரு பிள்ளை கேட்டு இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

சனி, கும்பகோணம்

காலையிலேயே காபிப் பேச்சு. பெரியம்மா வீட்டில் எண்பதுக்கு இருபது, அதாவது நூறு கிராமில் 20 கிராம் சிக்கரி. பெரியப்பாவுக்குத் தொண்ணூறுக்குப் பத்துதான் வேண்டுமாம். டப்பாவில் அரைக் கிலோ தூள் இருக்கிறது. அதைத் தொண்ணூறுக்குப் பத்தாக்க எத்தனை கிராம் சுத்தமான காபித்தூள் சேர்க்கவேண்டும்?

சின்னவன் 50 என்றான், பெரியவள் 100 என்றாள். இரண்டும் இல்லை. அரைக் கிலோவில் இருக்கும் சிக்கரி 100 கிராம். அதை இனி வெளியே எடுக்க முடியாது. அந்த 100 கிராம் பத்தில் ஒரு பங்காக வேண்டுமென்றால் மொத்தம் ஒரு கிலோ ஆகவேண்டும். ஆக, இன்னும் அரைக் கிலோ காபித்தூள் வாங்க வேண்டும். "அப்ப நான் இருபதுக்கே பழகிக்கறேன்" என்று பெரியப்பா டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வெயில் ஏறுவதற்குள் சாரங்கபாணி சன்னிதித் தெருவுக்குப் போனோம். ராமானுஜன் வளர்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது. 1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் பிறந்தாலும் பிள்ளைப் பருவம் பெரும்பாலும் இந்த வீட்டில்தான். இப்போது சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. ஓட்டு வீடு, சின்னத் திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு கட்டில். தெருக்கோடியில் சாரங்கபாணி கோயில் கோபுரம். உள்ளே நுழைந்து இரண்டு எட்டு வைப்பதற்குள் வீடு முடிந்துவிடுவது போல இருக்கிறது. பெரியவள் கட்டிலருகே ரொம்ப நேரம் நின்றாள். நானும் அவசரப்படுத்தவில்லை.

ராமானுஜன் எண் என்று பெயர்பெற்ற 1729 பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அந்தத் தெருவில் நின்று நான் சொன்னது வேறொன்று, அதுவும் ஒரு தெருக் கணக்கு. 1914 டிசம்பரில் லண்டன் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வந்தது. அந்த ஆகஸ்டில்தான் பெல்ஜியத்தின் லூவேன் நகரை ஜெர்மன் படை எரித்திருந்தது. அந்த ஊரில் ஒரு நீளத் தெரு. வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒருவருடைய வீட்டுக்கு ஒரு பக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும் மறுபக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும் தொகை ஒன்றே. தெருவில் 50 வீட்டுக்கு மேல், 500 வீட்டுக்குள். அவர் வீட்டு எண் என்ன?

கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மஹலனோபிஸ், பிற்காலத்தில் இந்தியாவின் பெரிய புள்ளியியல் அறிஞர், இதைக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்து விடை கண்டுபிடித்துவிட்டு, அப்போது அங்கேயே இருந்த ராமானுஜனிடம் சொன்னார். ராமானுஜன் அப்போது அடுப்பில் காய் வதக்கிக்கொண்டிருந்தார். கிளறிக்கொண்டே, எழுதிக்கொள்ளுங்கள் என்று, பின்னத்துக்குள் பின்னமாக நீளும் ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அந்த ஒரு தெருவுக்கு மட்டும் இல்லை, இப்படி அமையக்கூடிய எல்லாத் தெருக்களுக்கும் விடை அதற்குள் வரிசையாக இருந்தது.

தொடர் பின்னம் பிள்ளைகளுக்கு எட்டாது. ஆனால் கணக்கு எட்டும். பெரியப்பா வீட்டு வாசலில் கோலமாவால் எட்டுக் கட்டம் போட்டு எண் எழுதினோம். 6-ஆம் வீட்டில் நின்றால் இடப்பக்கம் 1 முதல் 5 வரை, கூட்டினால் 15. வலப்பக்கம் 7, 8. அதுவும் 15. சின்னவன் ஆறாம் கட்டத்துக்குள் நின்றுகொண்டு இரண்டு கையையும் நீட்டித் தராசு மாதிரி ஆடினான்.

அடுத்த தெரு எது? இங்கே ஒரு வழி இருக்கிறது. வலப்பக்கத் தொகையும் இடப்பக்கத் தொகையும் ஒன்றுதான் என்பதால், வலப்பக்கத்துக்குப் பதில் இடப்பக்கத்தையே இன்னொரு முறை கூட்டலாம். 1 முதல் 6 வரை ஏறி, மறுபடி 5 முதல் 1 வரை இறங்கினால் 36 வருகிறது. இப்படி எந்த எண் வரை ஏறி இறங்கினாலும் தொகை அந்த எண்ணின் வர்க்கம்தான், கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆக, தெருவின் எல்லா எண்களின் கூட்டுத்தொகையும் நம் வீட்டு எண்ணின் வர்க்கமாக இருக்கவேண்டும். 8 வீட்டுத் தெருவில் கூட்டுத்தொகை 36, அது 6-இன் வர்க்கம். 49 வீடு இருந்தால் 1225, அது 35-இன் வர்க்கம். 288 வீடு இருந்தால் 41616, அது 204-இன் வர்க்கம். லூவேன் தெருவில் 288 வீடு, அவர் வீட்டு எண் 204.

1, 6, 35, 204 என்று எழுதிவைத்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்டேன். ஒரு வீடு மட்டும் இருக்கும் தெருவில் 1-ஆம் வீட்டுக்கு இரண்டு பக்கமும் சைபர், ஆகவே அதையும் சேர்த்தாயிற்று. ஆறால் பெருக்கி, அதற்கு முந்தியதைக் கழித்தால் அடுத்தது வருகிறது என்பதைப் பெரியவள் சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் கண்டுபிடித்தாள். ஆறு முறை 35-இலிருந்து 6 போனால் 204. ஆறு முறை 204-இலிருந்து 35 போனால் 1189, அது 1681 வீடுள்ள தெரு. ஒரு வெண்டைக்காய்ப் பொரியல் ஆறிப்போனது, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு, கும்பகோணம்

கோயில் நாள். சாரங்கபாணி, சக்கரபாணி, கும்பேசுவரர் மூன்றும் நடக்கிற தூரம்தான். பெரியப்பா சின்ன வயதில் கேட்ட கணக்கு ஒன்றை இந்த ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிச் சொன்னார். நெல் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் அவர். மாகாணி (பதினாறில் ஒரு பங்கு) வாய்ப்பாடு இன்னமும் மனப்பாடம்.

ஒரு பக்தர் கையில் கொஞ்சம் பூ. மகாமகக் குளத்தில் முக்கி எடுத்தால் பூ இரண்டு மடங்காகும். முதல் கோயிலில் கொஞ்சம் சாத்துகிறார். மீதியை மறுபடி குளத்தில் முக்க, அது இரட்டிக்கிறது. இரண்டாம் கோயிலிலும் அதே அளவு சாத்துகிறார். மறுபடி குளம், மறுபடி அதே அளவு மூன்றாம் கோயிலில். கை காலி. கொண்டுவந்தது எத்தனை, சாத்தியது எத்தனை?

பெரியவள் எக்ஸ், ஒய் என்று ஆரம்பித்தாள். தவறில்லை, வழி நீளம். சின்னவன் பாட்டியிடம் புளியங்கொட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். பெரியப்பா அவனிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "கடைசிக் கோயில்லேருந்து வாடா." மூன்றாம் கோயிலில் 8 சாத்தினார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் குளத்தில் இறங்கும்போது கையில் 4. இரண்டாம் கோயிலில் சாத்துவதற்கு முன் 12, குளத்துக்கு முன் 6. முதல் கோயிலில் சாத்துவதற்கு முன் 14, குளத்துக்கு முன் 7. ஆக, கொண்டுவந்தது 7, சாத்தியது எட்டெட்டு. அல்லது 14-உம் 16-உம், எந்த மடங்கும் பொருந்தும். நாகேசுவரரையும் சேர்த்து நாலு கோயில் என்றால்? 15 கொண்டுவந்து 16 சாத்துவார். இதை அவனே கொட்டைகளை நகர்த்திச் சொன்னான். பின்னாலிருந்து வருவது என்ற ஒரு பழக்கம் பிடிபட்டுவிட்டால் நூறு கணக்குக்கு உதவும்.

கோயில் வாசலில் பூ வாங்கியதையும் எழுதிவிடுகிறேன். ஒரு அம்மா முழம் 30 ரூபாய் என்றார், பக்கத்துக் கடைக்காரர் 35 என்றார். இரண்டு பேருமே தங்கள் கையால்தான் அளக்கிறார்கள். அவர் கை 40 சென்டிமீட்டர், இவர் கை 48 என்று வைத்துக்கொண்டால் 35 ரூபாய் முழம்தான் கொஞ்சம் மலிவு. சென்டிமீட்டருக்கு முன்னது 75 காசு, பின்னது 73 காசுக்கும் குறைவு. ஆனால் அந்த அம்மா முழத்துக்கு மேல் ஒரு கிள்ளு கொசுறு விட்டுத்தான் நறுக்கினார். அவரிடமே வாங்கினோம்.

திங்கள், தஞ்சாவூர்

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பாபநாசம், அய்யம்பேட்டை என்று ஊருக்கு ஊர் நின்று போகிற பஸ்ஸில் ஏறினோம். நல்ல கூட்டம். நின்றுகொண்டே கேட்டேன்.

போகும்போது பஸ் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது. போகவர சராசரி 40 ஆகவேண்டுமென்றால் திரும்பும்போது என்ன வேகத்தில் வரவேண்டும்?

"அறுபது" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே மூச்சில். இருபதும் அறுபதும் கூட்டி, பாதி, நாற்பது. கேட்கிற யாருக்கும் முதலில் வாயில் வருவது இதுதான்.

போகவர மொத்தம் 80 கிலோமீட்டர். சராசரி 40 என்றால் மொத்தம் 2 மணி நேரத்துக்குள் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தஞ்சாவூர் போய்ச் சேரவே 2 மணி நேரம் ஆகிவிட்டதே! திரும்பி வர ஒரு நொடிகூட மிச்சம் இல்லை. ஏரோப்ளேனில் வந்தாலும் முடியாது. பெரியவள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். "அப்ப அறுபதுல வந்தா எவ்வளவு?" திரும்ப 40 நிமிடம், ஆக மொத்தம் 2 மணி 40 நிமிடம், சராசரி மணிக்கு 30. மெதுவாகப் போகும்போது அந்த வேகத்திலேயே ரொம்ப நேரம் இருந்துவிடுகிறோம். அதனால் சராசரியும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பக்கத்தில் நின்ற கண்டக்டரும் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். தனக்கு இது தினப்படி அனுபவம் என்றார், காலையில் விட்ட நேரத்தைச் சாயங்காலம் பிடிக்கவே முடியாதாம்.

பெரிய கோயில். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்தது. விமானத்தின் உயரம் சுமார் 66 மீட்டர், இதைப் பிள்ளைகளிடம் முதலில் சொல்லவில்லை. நிழல் தரையில் விழாது என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். நன்றாகவே விழுகிறது. மே மாதக் காலையில் விமானத்துக்கு மேற்கே வந்து நின்றால் யாரும் பார்க்கலாம். அந்த விமானத்தின் பெருமைக்கு இப்படி ஒரு கதை தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

பத்தேகால் மணி இருக்கும். கல் தரை அதற்குள் சுட ஆரம்பித்துவிட்டது. 90 சென்டிமீட்டர் குடையை நேராக நிறுத்தினோம், நிழல் 45 சென்டிமீட்டர். ஆக, இந்த நேரத்தில் எதன் நிழலும் அதன் உயரத்தில் பாதி. விமானத்தின் அடிப்பகுதியிலிருந்து நிழல் நுனி வரை எட்டு வைத்து அளந்தேன். 29 எட்டு, என் எட்டு 60 சென்டிமீட்டர், சுமார் 17.4 மீட்டர். நுனி மங்கலாகத்தான் தெரிகிறது, அரை எட்டு முன்னே பின்னே இருக்கும்.

"ரெண்டு மடங்கு, 35 மீட்டர்" என்றான் சின்னவன். பெரியவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது முப்பத்தஞ்சா? இருக்காது" என்றாள். எங்கே தவறு என்று அவளே அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடித்தாள். கலசம் இருப்பது விமானத்தின் நடுவில், நாம் அளந்தது சுவரிலிருந்து. அடித்தளத்தின் ஒரு பக்கம் சுமார் 30 மீட்டர், அதில் பாதி 15-ஐயும் சேர்க்கவேண்டும். 32.4 மீட்டர், இரண்டு மடங்கு 64.8. ஒரு குடையும் வெறுங்காலும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியதே பெரிது. அதற்குமேல் நிற்க முடியவில்லை, தேங்காய் நார் விரிப்புக்கு ஓடிவிட்டோம்.

அப்புறம் அரண்மனை வளாகம். சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்த 'கணக்கதிகாரம்' கையில் கிடைத்தது. காரிநாயனார் செய்யுளாக எழுதிய பழைய கணக்கு நூல். நிலம், பொன், நெல், அரிசி என்று அன்றாடம் அளக்கிற எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லவும் ஒரு வழி சொல்லியிருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கவேண்டும். நாளைக்குப் பழம் வாங்கியாக வேண்டும் என்று பஸ்ஸிலேயே தீர்மானம் ஆகிவிட்டது.

செவ்வாய், கும்பகோணம்

காலையில் கடைத்தெரு. எலுமிச்சை விற்கும் இரண்டு அம்மாக்கள் ஒரே குடைக்கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரிடம் சின்னக் காய், 10 ரூபாய்க்கு மூன்று. இன்னொருவரிடம் பெரிய காய், 10 ரூபாய்க்கு இரண்டு. அவர்களைப் பார்த்ததும் இத்தனை நாளாகத் தேடிய கணக்கு அமைந்துவிட்டது.

இரண்டு பேரிடமும் முப்பது முப்பது காய் இருக்கிறது. தனித்தனியே விற்றால் முதல் அம்மாவுக்கு 100 ரூபாய், இரண்டாம் அம்மாவுக்கு 150. சேர்ந்து 250. இப்போது ஒருவர் அவசரமாக வீட்டுக்குப் போகவேண்டும். இரண்டு கூடையையும் ஒன்றாக்கி, மூன்றும் இரண்டும் ஐந்து, பத்தும் பத்தும் இருபது, ஆக 20 ரூபாய்க்கு ஐந்து என்று இன்னொருவர் விற்றுத் தருகிறார். அறுபது காய், பன்னிரண்டு கூறு, 240 ரூபாய். மீதிப் பத்து ரூபாய் எங்கே?

பிள்ளைகள் மூன்று முறை கூட்டிப் பார்த்தார்கள். கூட்டலில் பிசகில்லை. எலுமிச்சைக்கார அம்மாவே கவலையாகிவிட்டார். "யாரும்மா எடுத்தது?"

யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு கூறிலும் சின்னது மூன்று, பெரியது இரண்டு வைத்தால் பத்துக் கூறு போட்டதும் சின்னது முப்பதும் தீர்ந்துவிடும். பெரியது இருபதுதான் போயிருக்கும், பத்து மிச்சம். அந்தப் பத்தும் பெரிய காய், 50 ரூபாய் பெறுமானம். அதை இரண்டு கூறாக்கி 40 ரூபாய்க்குக் கொடுத்துவிடுகிறோம். அங்கேதான் பத்து ரூபாய் போகிறது. சின்னது 36, பெரியது 24 என்று மூன்றுக்கு இரண்டாக இருந்திருந்தால் 20 ரூபாய்க்கு ஐந்து என்பது சரியான விலையே: 120-உம் 120-உம், 240. சமமாக முப்பது முப்பது இருக்கும்போது 25 ரூபாய்க்கு ஆறு என்று விற்றால்தான் 250 வரும்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. பஸ்ஸில் அறுபது என்றது, இங்கே ஐந்துக்கு இருபது என்பது இரண்டும் ஒரே வழியில் வருகிற பிழைகள். இரண்டு எண்ணைப் பார்த்ததும் மனசு நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எது எவ்வளவு இருக்கிறது, எதில் எவ்வளவு நேரம் போனது என்று கேட்பதில்லை. சூத்திரம் மனப்பாடம் செய்த பிள்ளையும் இதில் விழும். குடைக்கீழே உட்கார்ந்து காயைக் கூறு போட்டுப் பார்த்த பிள்ளை விழாது.

சாயங்காலம் பலாப்பழம். காம்பருகே சிறுமுள் எது வரை என்பதில் பெரிய வழக்கு. பெரியவள் கணக்கில் 60, சின்னவன் இன்னொரு சுற்றையும் சேர்த்து 70. அவள் கணக்குப்படி 72 சுளை, இவன் கணக்குப்படி 84. பெரியம்மா கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அறுக்க, நாங்கள் சுளையை எண்ண, 77 வந்தது. இரண்டுக்கும் நடுவில். ஒரு பழத்தை வைத்துக்கொண்டு எதையும் நிரூபித்துவிட முடியாது, எங்கே எண்ணத் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதையும் பழகிய கைதான் சொல்லமுடியும். ஆனால் பழத்தை முகர்ந்தும் தட்டியும் மட்டும் பார்க்காமல் முள்ளை எண்ணிப் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதை நினைத்துக்கொண்டே இரண்டு சுளை அதிகம் சாப்பிட்டேன்.

புதன், திரும்பும் ரயிலில்

கிளம்பும்போது பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு கணக்கைக் கட்டிக் கொடுத்தார், கட்டுச்சோற்றோடு. ஒருவரிடம் ஒன்பது பசு. முதல் பசு ஒரு படி பால் கறக்கும், இரண்டாவது இரண்டு படி, இப்படியே ஒன்பதாவது ஒன்பது படி. மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு மூன்று பசு, பாலும் சமமாக வரவேண்டும். எப்படிப் பிரிப்பார்?

மொத்தப் பால் 45 படி, ஆளுக்கு 15. சீர்காழி வருவதற்குள் பெரியவள் சொல்லிவிட்டாள்: 9, 5, 1 ஒருவருக்கு, 8, 4, 3 ஒருவருக்கு, 7, 6, 2 ஒருவருக்கு. சின்னவனிடம் வேறு விடை இருந்தது: 9, 4, 2 ஒருவருக்கு, 8, 6, 1 ஒருவருக்கு, 7, 5, 3 ஒருவருக்கு. யார் விடை சரி என்று கொள்ளிடம் தாண்டும்வரை சண்டை. இரண்டுமே சரி. வேறு விடையும் கிடையாது, ஏனென்றால் ஒன்பது படிப் பசுவுக்குத் துணையாக ஆறு படி தேவை, அது 5-உம் 1-உமாகவோ 4-உம் 2-உமாகவோதான் அமையும். அதற்குப்பிறகு எட்டுப் படிப் பசுவுக்கும் ஒரே இடம்தான் மிஞ்சும்.

சிதம்பரத்தில் பெரியப்பாவுக்கு போன் போட்டு இரண்டு விடையையும் சொன்னார்கள். அவர் அசரவில்லை. சரி, பதினாறு பசு, நாலு பிள்ளைகள், ஆளுக்கு நாலு பசு, பால் சமம் என்றார். மொத்தம் 136 படி, ஆளுக்கு 34. பெரியவள் 16, 13, 4, 1 என்று முதல் பங்கை வைத்திருக்கிறாள். சின்னவன் அந்த நாலையும் கலைத்துவிட்டு 16-ஐயும் 15-ஐயும் ஒருவருக்கே கொடுக்கமுடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். விழுப்புரம் வருகிறது, இன்னும் முடியவில்லை. நீங்களும் போட்டுப் பாருங்கள்.